கறுப்புக் கட்டத்துக்குள் ஏழு பேர்

பெரிய நாசங்கள் எல்லாம் ஒழுங்கான ஆட்களால்தான் நடக்கின்றன. அலங்கோலமாக வேலை செய்கிறவரின் பிழையை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். நாட்குறிப்பில்கூட அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிற என் பிழையோ, யார் கண்ணிலும் படாமல் குவைத் வரை போய்ச் சேர்ந்தது.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவு அபாயம் என்று ஒரு லயத்தை உடைக்கப் போவதாக அறிவித்திருந்தார்கள். ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்தப் பழைய வீடுகள் போகுமுன், அங்கிருப்பவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு குட்டி இதழ் போடலாம் என்று கண்டியில் நாங்கள் சிலர் கிளம்பினோம். ஒரே தாள், மடித்தால் எட்டுப் பக்கம், போட்டோகொப்பி அடித்துச் சும்மா கொடுப்பது. முகப்புப் போக ஏழு பேருக்கு இடம். பக்கம் அமைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். (மற்றவர்களுக்குக் கோடு நேராக வராது.)

அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள்தான் கிடைத்தன. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. படத்தின் கீழே பெயர், பிறந்த ஆண்டு, அவர் சொன்ன கதை. மடிப்பு எங்கே விழவேண்டும் என்று தெரிவதற்காக ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு இழுத்தேன். மேலே ‘நீங்காத நினைவுகள்’ என்று அழகாக எழுதினேன்.

அப்படிப் படம் போட்டால் என்ன அர்த்தம் என்று, சுவரில் ஒட்டிய மரண அறிவித்தலைத் தின்கிற ஆட்டுக்கும் தெரியும். நான் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடைமழை நாளொன்றில் பிரதிகளை வத்தேகம பஜாரில் ஒரு கடையில் வைக்கப் போனேன். கடைக்காரர் தாளை விரித்தார்.

“ஐயோ, லயமே சரிஞ்சிருச்சா? நம்ம முத்தையாவுமா?”

“நான் பீடி வாங்க நிக்கிறேங்க,” என்றார் என் பின்னால் நின்ற முத்தையா. “மொதல்ல பீடியக் குடுங்க, அப்பறம் அழுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் யாரோ அந்தத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அந்த ஏழு பேரில் கமலமும் ஒருவர். அவருடைய மகள் செல்வி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். தாய்க்குக் கட்டிய புதுவீடு கூரையில்லாமல் பாதியில் நின்றது அவள் சம்பளத்தை நம்பித்தான். படத்தைப் பார்த்து அவள் விடாமல் அழைத்த இரண்டு நாளும், காற்றில் மரம் விழுந்து தோட்டத்தில் கரண்ட் இல்லை. ஒரு போனும் வேலை செய்யவில்லை.

கறுப்பை நீலமாக்கிய புதுப் பிரதிகளோடு நான் மன்னிப்புக் கேட்கப் போன அன்று, கமலம் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். கீழே பாதையிலிருந்து ஓர் ஒப்பாரி ஏறி வந்தது.

“யாருடி அது? யாரு செத்தா?” என்று கத்தினார் கமலம்.

“நீதாம்மா!”

சட்டி உருண்டது. செல்வி தாயை முதலில் முதுகில் அறைந்தாள், பிறகுதான் கட்டிக்கொண்டாள். அழுது முடித்து என்னைப் பார்த்தாள்.

“கட்டம் போட்டது நீங்களா மிஸ்? போனா திரும்பி வராதன்னு சொல்லித்தான் அந்த வீட்டுக்காரங்க அனுப்புனாங்க. பாதியில நிக்கிற புதுவீட்டுக்குக் கூரை நீங்க போடுவீங்களா?”

நீலப் பிரதியை நீட்டினேன். (ஆம், அந்த நேரத்தில்.)

“இதுல உசுரோட இருக்கேனா?” என்று கமலம் எட்டிப் பார்த்தார்.

சில மாதங்கள் வேலையில்லாமல் இருந்த செல்வி, குறைந்த சம்பளத்துக்கு மறுபடி குவைத்தில் வேறொரு வீட்டுக்குப் போனாள். புதுவீட்டின் மேல் இன்றும் கூரைக்குப் பதில் தறப்பாள்தான். எங்கள் குழுவில் நான் அடிமட்டத்தைத் தொட்டாலே, “பாத்து, ஆளக் கொன்னுடாதீங்க,” என்பார்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் கமலத்திடமிருந்து அழைப்பு வரும்.

“மிஸ், இன்னொருக்கா கறுப்புக் கட்டம் போட்டுத் தர்றீங்களா? இந்தத் தடவ என்னய மட்டும் போட்டாப் போதும். புள்ள வந்துரும்.”

ஸ்பீக்கரில் கேட்டு என் பக்கத்தில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போனின் அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்பதில்லை.