சூடு தாங்குமா என்று பார்த்த கதை

எந்தக் கடையிலும் ஒரு பொருளை உடனே வாங்கத் தெரியாதவன் நான். செருப்பு வாங்கவே இரண்டு கிழமை எடுப்பேன். அப்படிப்பட்டவன் கப்பல்துறை என்ற ஊரில் வீடு கட்டி, குசினியில் சமையல் மேடைக்குக் கல் பார்க்கப் புறப்பட்டால் என்ன ஆகும்?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த கல்லுக் கடைக்காரர் ஆறாவது தடவையும் பொறுமையாகச் சொன்னார். "கிரனைட் மலையில வெட்டுறது. சூடு தாங்கும். ஆனா எண்ணெய் ஊறாம இடைக்கிடை பூச்சுப் பூச வேணும். குவாட்ஸ் கல்லுத்தூளையும் பசையையும் சேர்த்து ஆலையில செய்யிறது. லேசில கறை பிடிக்காது. சூட்டுக்குத்தான் கொஞ்சம் கவனம்."

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?"

அவர் இரண்டிலும் ஒவ்வொரு துண்டைத் தந்து அனுப்பிவிட்டார். (அதன்பிறகு நான் வருவதைக் கண்டால் சாப்பிடப் போய்விடுவார்.) அந்தத் துண்டுகளில் தேசிக்காய் பிழிந்தேன், மஞ்சள் பூசினேன். வாடகை அறையில் அடுப்பு இல்லாததால் சூடு மட்டும் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு சந்தேகம் என்னை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

அந்த நிலையில்தான் அக்கா என்னைப் பெண் பார்க்க அன்புவழிபுரத்துக்கு அழைத்துப் போனார். பெண்ணின் பெயர் கௌரி. அவளுடைய அப்பா என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கோ, திரை விலகும்போதெல்லாம் உள்ளே தெரிந்த வெள்ளை மேடையில்தான் கண்.

"ஐயா, குசினியில இருக்கிறது குவாட்ஸோ?"

"ஓம் தம்பி. போன மாசம்தான் போட்டது."

அக்கா என் காலை மிதித்தார்.

தோசை சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தேன். குசினியில் ஒருவரும் இல்லை. தோசைக்கல் அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் மட்டும் என்று நினைத்து, அதைத் துணியால் பிடித்துத் தூக்கி மேடையில் வைத்தேன்.

'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால், ஒரு தோசை அளவில் மஞ்சள் வட்டம். அதன் குறுக்கே மயிரிழை போல ஒரு வெடிப்பு.

சீனிப் போத்தலை அதன்மேல் நகர்த்தினேன். போதவில்லை. பக்கத்தில் தேயிலைப் பேணியை வைத்தேன். அதுவும் போதவில்லை. மா வாளியைத் தேடித் திரும்பியபோது வாசலில் கௌரி நின்றாள்.

"என்ன செய்யிறீங்கள்?"

வாய்க்குள் மூன்று பொய்கள் வந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"சூடு தாங்குமோ எண்டு பாத்தனான்."

"தாங்கிச்சோ?"

"இல்லை."

அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புதுக் கல்லு தம்பி" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று நாட்கள் வேலை செய்யும் கந்தோரில் கதிரையில் இருக்க முடியாமல் நடந்து திரிந்தேன். கல்லைப் பற்றிய நினைவே வரவில்லை. "தாங்கிச்சோ?" என்று கேட்ட முகம்தான் வந்தது.

நான்காம் நாள் அவளுடைய அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"மகளுக்கு விருப்பமாம். மாட்டுப்பட்ட இடத்திலயும் பொய் சொல்லாத ஆள் எண்டு சொல்லுறாள். நீங்கள் கல்லு வாங்கீட்டீங்களோ?"

"இன்னும் இல்லை ஐயா."

"கிரனைட்டே போடுங்கோ. யோசிக்க வேண்டாம்."

அன்றைக்கே போய் வாங்கினேன். கடைக்காரர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

கலியாணம் முடிந்ததிலிருந்து, மாமா வீட்டு மேடையை மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் விடுவதில்லை. யார் வந்தாலும் குசினிக்குக் கூட்டிப் போய் அந்த வட்டத்தைக் காட்டுவார். (எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை 'எழுத்து' என்போம்.)

"பதிவாளருக்கு முன்னால நடந்தது ரெண்டாவது எழுத்து" என்பார். "மருமகன் முதல் எழுத்து வைச்சது இதிலதான்."