சோலார் மாப்பிள்ளை

துடைத்துவிட்டு இறங்கிக் கை கழுவுவதற்குள் சோலார் பேனல்கள் இரண்டிலும் மறுபடியும் மண் படிந்துவிட்டது. சௌந்தரராஜன் மாடிப்படியில் பாதியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர்கள் குடியிருந்த, ஸ்கெலட்டன் என்று ஊரில் சொல்லும் பழைய சுரங்கக் குடியிருப்புக்குப் பின்னால், தங்கச் சுரங்கம் அரைத்துத் துப்பிய சயனைடு மேடு இருந்தது. காற்றடிக்கும் மாதங்களில் அது மாவு சலிப்பதுபோல ஊர் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி, மூடாத குழம்பு என்று எதையும் விடாது. பேனலை மட்டும் விடுமா?

அதுவும் இன்றைக்கு. மகள் பல்லவியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இதற்கு முன் வந்த இரண்டு இடமும் பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஊரைத்தான் சொன்னார்கள். சுரங்கம் மூடிய பிறகு அங்கே என்ன இருக்கிறது, இருட்டடைந்த ஊர் என்று பெங்களூரில் யாரிடமோ சொன்னது சௌந்தரராஜன் காதுவரை வந்தது. அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மூன்றாவது இடமும் அப்படித் தட்டிப்போகக் கூடாது.

இந்த வரனைக் கொண்டுவந்தவன் சைலஸ். சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்தவன், இப்போது கல்யாணத் தரகன். ஜாதகம், போட்டோ, காகிதம் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டான். எல்லாம் வாய் வழிதான். மாரிகுப்பம் ஸ்டேஷனில் காலை ரயில் ஊதிக் கிளம்பும்போது, பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகும் சௌந்தரராஜனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான். பேத்தமங்களா பையன். பேர் ஸ்ரீநிவாஸ். தங்கமான குடும்பம். வேலை சோலாரில்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் அதை அறிவித்தார். "பையனுக்கு சோலார்ல வேலை."

பல்லவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

சோலார் மாப்பிள்ளை வரும் வீட்டில் சோலார் இல்லாவிட்டால் எப்படி? சௌந்தரராஜன் காவல் காக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் பழைய பேனல்களைக் கழற்றிப் புதிது போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டைக் கேட்டு வாங்கி, போர்வையில் சுற்றி, சாயங்கால ரயிலில் யாரையும் மேலே சாயவிடாமல் நின்றபடியே கொண்டுவந்து சேர்த்தார். ஆண்டர்சன்பேட்டை எலக்ட்ரீஷியன் நாகேஷ் ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்த்து மாட்டிக் கொடுத்தான். ரெண்டு லைட்டு, ரெண்டு ஃபேன், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மோட்டார் மிக்ஸி பக்கம் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்றிலிருந்து வீட்டில் ஷிஃப்ட் முறை வந்தது. ஹால் ஃபேனுக்கு முதல் ஷிஃப்ட், அறை ஃபேனுக்கு இரண்டாம் ஷிஃப்ட். டிவிக்கு லீவு. இருட்டினால் யாரும் விளக்குப் போடக் கூடாது. தலையில் மாட்டிக்கொள்ளும் சார்ஜ் லைட் ஒன்று வாங்கிவந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட்டார், பேப்பர் படித்தார், பாத்ரூம் போனார்.

"அண்டர்கிரவுண்ட்ல இடம் இடமா பல்பா போட்டு வெச்சான்?" என்றார். "ஆளுக்கு ஒரு லைட்டு. எங்க பாக்கறோமோ அங்க வெளிச்சம்."

"இன்னாங்க, நீங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கறீங்களா?" என்று கேட்டாள் மனைவி புஷ்பவல்லி.

பெண் பார்க்கும் நாளன்று காலையிலேயே அவர் மீட்டர் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வீடு முழுக்கச் சூரியனில் ஓடுகிறது என்று சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

இப்போது பேனலில் மண். துணியால் துடைத்தால் மண் இடம் மாறியதே தவிர போகவில்லை. தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்றால் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போட வேண்டும். ஃபியூஸ் பாக்கெட்டில் இருந்தது, தனக்குத்தானே வாக்குக் கொடுத்தாயிற்று. கொஞ்ச நேரம்தானே என்று மோட்டார் வயரை இன்வெர்ட்டரிலேயே சொருகினார்.

மோட்டார் உறுமி ஓடியது. தண்ணீர் சொட்டிச் சொட்டி ஏறியது. அவருடைய வலது பக்கம் இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததை, சமையலறையிலிருந்து பல்லவி ஓடிவந்து சொன்ன பிறகுதான் கவனித்தார். சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்த காது அந்த வலது காது. இடது காதுப் பக்கம் வந்து பேசினால்தான் ஒழுங்காகக் கேட்கும். வெளியாட்களிடம் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஒன்றிரண்டு தடவை "இன்னா?" என்பார், அதற்கு மேல் கேட்கக் கூச்சப்பட்டு, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குத் தலையை ஆட்டிச் சரி என்றுவிடுவார்.

அவர் வயரைப் பிடுங்குவதற்குள் ஒரு பக்கெட் தண்ணீர் கிடைத்தது. பேனல்கள் பளபளத்தன. ஆனால் பேட்டரியில் பாதி போயிருந்தது. வெயில் இருக்கிறது, ஏறிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது சைலஸிடமிருந்து போன் வந்தது. பிள்ளை வீட்டார் மதியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிந்து, ஆறு மணிக்கு மேல்தான் வருகிறார்களாம்.

சூரியனும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புவார் என்பது சௌந்தரராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேகம் வேறு கூடியது. இருக்கிற பேட்டரியையாவது காப்பாற்ற, இரண்டு ஃபேனையும் நிறுத்தினார். மிக்ஸியைத் தொடாதே என்று புஷ்பவல்லியிடம் சொல்ல வந்தவர், அவள் ஏற்கெனவே அதை இன்வெர்ட்டரில் சொருகி ஒரு சுற்று விட்டுவிட்டதைப் பார்த்தார். இன்வெர்ட்டர் ஒரு முறை விக்கி அடங்கியது. பாதியில் நின்ற சட்னியை அவள் பக்கத்து வீட்டு ஐடாவிடம் கொண்டுபோய் அரைத்துவந்தாள். காலி ஜாரைத் திரும்ப மாட்டியவள் மிக்ஸி வயரைச் சுவரில் பழைய இடத்தில் சொருகினாள். சௌந்தரராஜன் மோட்டார் வயரையும் அப்படியே மாற்றினார். ஸ்விட்சை நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை வீட்டார் வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையனின் அப்பா கிருஷ்ணப்பா, அம்மா, பையன், கூடவே சைலஸ். கிருஷ்ணப்பாவும் பழைய சுரங்க ஆள்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்ற கூண்டின் வாசலில் நின்று வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். பையன் ஸ்ரீநிவாஸ் அவரைவிடக் குறைவாகப் பேசினான். உட்கார்ந்ததும் ஹாலின் ஒற்றை பல்பை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான்.

அந்தப் பார்வையை சௌந்தரராஜன் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பேனல், பேட்டரி, ஷிஃப்ட் முறை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கிருஷ்ணப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். உற்சாகம் ஏறிய சௌந்தரராஜன் அடுத்த படிக்குப் போனார்.

"இந்த கரண்ட் ஆபீஸ்காரங்களை நம்பி எவன் இருப்பான்? நமக்கு அவங்க சங்காத்தமே வேணாம்னு உட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள்ல அவங்க கடையைக் கட்டிக்கினு போவ வேண்டியதுதான்."

பையனின் அம்மா முந்தானையைச் சரிசெய்தார். சைலஸ் சௌந்தரராஜனின் காலை அழுத்தி மிதித்தான். ஜமாய்க்கிறீர்கள் என்கிறான்போல என்று நினைத்து, அவர் அதே விஷயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொன்னார்.

பல்லவி காபித் தட்டோடு சமையலறை வாசலைத் தாண்டிய நேரத்தில் பல்பு மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று, போயிற்று.

இருட்டில் டம்ளர்கள் மட்டும் கிணுகிணுத்தன. இருட்டடைந்த ஊர் என்ற வார்த்தை சௌந்தரராஜனின் நெஞ்சில் மோதியது. ஃபியூஸை மாட்டிவிடலாம், ஆனால் இவ்வளவு பேசிய பிறகு எந்த முகத்தோடு மாட்டுவது?

"ஒண்ணும் பயப்படாதீங்க, ஏற்பாடு கீது," என்று தட்டுத் தடுமாறிப் போய்த் தலை லைட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

அவர் பார்த்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. யாரைப் பார்த்தாரோ அவருக்குக் கண் கூசியது. பல்லவியைப் பார்த்து, காபி கொடும்மா என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு யார் கையிலோ டம்ளரைக் கொடுத்தாள். அது ஸ்ரீநிவாஸ் கைதான். தவறாமல் அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்த வெளிச்சத்தில் எல்லோரும் பெண்ணைப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பா மனைவியோடு குசுகுசுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குத் திருப்தி. உங்க பக்கம் சரின்னா, இன்னைக்கே பேசி முடிச்சிடலாமா?"

இது முழுசாகக் காதில் விழுந்தது. சௌந்தரராஜன் சந்தோஷம் முழுவதையும் சேர்த்துத் தலையை ஆட்டினார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, மறுபடியும், மறுபடியும். வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஓடி ஓடித் திரும்பியது.

கிருஷ்ணப்பா எழுந்து நின்றார்.

"எழுந்திரும்மா, கிளம்பலாம்," என்று மனைவியிடம் சொன்னார்.

சௌந்தரராஜன் "இன்னா?" என்றார்.

"சுரங்கத்துல லைட்டு குறுக்க ஆடுனா நிறுத்துன்னு அர்த்தம். அத்தனை வருசம் கேஜ் வாசல்ல நின்னவன் நானு. அதுக்கு மேல ஒரு அடி நகரக் கூடாது. வாயால வேணாம்னு சொல்லியிருக்கலாம் நீங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. சௌந்தரராஜன் பதறிப்போய், அப்படி இல்லை, சரி என்றுதான் சொன்னேன் என்று காட்ட இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார். வெளிச்சம் சுவருக்குச் சுவர் பறந்தது. கிருஷ்ணப்பாவின் மனைவி ஏறக்குறைய வாசலுக்கே போய்விட்டார்.

"அப்பா," என்று பல்லவியின் குரல் வந்தது. "மொதல்ல லைட்டைக் கழட்டுங்க. அப்புறமா தலையை ஆட்டுங்க."

அவர் கழற்றினார். கையை நீட்டி அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆட்டினார். ஈரக் கண்ணும் இளித்த வாயுமாக ஒரு தகப்பனின் முகம் இருட்டின் நடுவே இரண்டு பக்கமும் ஆடுவதைப் பிள்ளை வீட்டார் பார்த்தார்கள்.

கிருஷ்ணப்பா செருப்பிலிருந்து காலை எடுத்தார். "இதை மொதல்லயே காட்டியிருக்கலாம்ல சம்பந்தி," என்று திரும்பி வந்து உட்கார்ந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். புஷ்பவல்லி இருட்டிலேயே எல்லோருக்கும் சர்க்கரையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் ஸ்ரீநிவாஸ் எழுந்தான். சுற்றிக்கொண்டு சௌந்தரராஜனின் இடது காதுப் பக்கமாக வந்து நின்று, மெதுவாகச் சொன்னான். "மாமா, பாக்கெட்ல இருக்கற ஃபியூஸ் கட்டையைக் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

ஒரு தடவை சொன்னதிலேயே தெளிவாகக் கேட்டது. சௌந்தரராஜனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

பையன் யாரையும் வழி கேட்கவில்லை. கதவு மூலையில் இருந்த மீட்டர் பலகைக்கு நேரே போனான். டக்கென்று ஒரு சத்தம். வீடு மொத்தமும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது. எல்லா அறையிலும் விளக்கு, பின்கட்டில் மோட்டார், சமையலறையில் காலி ஜாரோடு மிக்ஸி. கையைத் தட்டிவிட்டுக்கொண்டு அவன் வந்து உட்கார்ந்தான். பல்லவி மட்டும் ஆச்சரியப்படாமல் நின்றாள்.

சௌந்தரராஜனுக்குப் பெருமை தாங்கவில்லை. சைலஸின் பக்கம் சாய்ந்து, சோலார் வேலை பார்க்கிற பையனுக்கு மீட்டர் வேலைகூட இவ்வளவு சுத்தமாகத் தெரிகிறதே என்றார்.

சைலஸ் அவரை விநோதமாகப் பார்த்தான். பிறகு அவர் தலையைப் பிடித்துத் திருப்பி, இடது காதில் வாயை வைத்துச் சொன்னான்.

"சோலார் இல்லண்ணா, கோலார். பையனுக்கு வேலை கோலார்ல, கரண்ட் ஆபீஸ்ல."