டயருக்கு வெந்நீர்

அரசப்பன் மூன்றாவது முறை விழுந்தபோது வண்டி அவன்மேல் விழவில்லை. அவன்தான் வண்டிமேல் விழுந்தான். அதை ஒரு முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை. விடியற்காலை ஐந்தே முக்கால். கவரைப்பேட்டை ஏரிக்கரைத் திருப்பத்தில், தூறலில், சேற்றோடு சேறாக எழுந்து நின்று அவன் முதலில் செய்த காரியம், யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்ததுதான். ஒரு எருமை பார்த்துக்கொண்டிருந்தது. அது யாரிடமும் சொல்லாது என்ற நிம்மதியோடு வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் அரசப்பன் ஃபிட்டர். ஷிப்ட் ஆறு மணிக்கு. காலை ரயில் அங்கே போய்ச் சேர்வது ஆறேகாலுக்கு. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவன் பழைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். வெயில் காலம் முழுக்க ராஜா மாதிரிதான் ஓட்டினான். ஐப்பசி முதல் மழையில் ஒருநாள் சறுக்கி விழுந்தான். முதல் மழையில் யார்தான் விழவில்லை? ஆனால் அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. வீட்டிலிருந்து கிளம்பி ஒரு மைல் போவதற்குள் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் போகும். இவன் வேறு பக்கம் போவான்.

அன்று ஃபோர்மன் வரதன் கேட்டிலேயே நின்றிருந்தார்.

“மணி இன்னா அரசப்பா?”

“ஆறு இருவது சார்.”

“சட்டையில இன்னா, நாத்து நட்டுட்டு வர்றியா? தோ பாரு, தை மாசம் சார்ஜ்மேன் போடப் போறாங்க. உன் பேரத்தான் எழுதி வெச்சிக்கீறேன். ரெண்டு தபா லேட்டு ஆயிடிச்சி. மூணாவது தபா ஆச்சின்னா நானே அந்தப் பேர அடிச்சிடுவேன், ஆமா.”

பதினோரு வருஷம் ஸ்பானர் பிடித்த கை. சார்ஜ்மேன் என்றால் தனி மேஜை, தனி நாற்காலி. அரசப்பன் அந்த நாற்காலியில் மனசுக்குள் பல தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இப்போது அது ஒரு டயரின் தயவில் இருந்தது.

சாயங்காலம் பஞ்சர் கடை சாலமோனிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். சாலமோன் டயரை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தூறலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தார்.

“கல்லு மாரி புடிக்குதுபா. எங்க சறுக்குது?”

“காலைல சறுக்குதுண்ணா. ஒரு மைல் தாண்டிட்டா அப்பறம் ஒண்ணுமில்ல.”

“அப்படிச் சொல்லு! குளுருபா. குளுருல ரப்பரு வெறச்சிக்கினு கெடக்கும். ஓடி ஓடி சூடானாத்தான் ரோட்ட புடிக்கும்.”

விஷயம் விளங்கிவிட்டது. மறுநாள் நாலரை மணிக்கே செண்பகத்தை எழுப்பி வெந்நீர் போடச் சொன்னான்.

“குளிக்கவா?”

“டயருக்கு.”

செண்பகம் ஒரு நிமிஷம் புருஷன் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள். எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற பெண்ணல்ல. அதிலும் அவன் முதல் தடவை முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

இரண்டு டயருக்கும் ஆளுக்கு ஒரு குடம் வெந்நீர் ஊற்றினான். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட வந்த கோவிந்தம்மா, கோலத்தை மறந்து வேடிக்கை பார்த்தாள். வண்டி தெருமுனை வரைதான் போனது. அதற்கு முன்பெல்லாம் ஏரிக்கரை வரையாவது போகும்.

“வெந்நீ ஊத்தி இன்னும் மோசமாயிடிச்சிண்ணா,” என்றான் சாலமோனிடம்.

“அப்ப காத்த கொறச்சிப் பாப்போம். டயரு நல்லா படிஞ்சி உக்காரும்.”

காற்றைக் குறைத்தார்கள். வண்டி சறுக்கியதோடு ஆடவும் ஆரம்பித்தது. பின்னால் ஒரு மூட்டை மணல் கட்டினான். விழுந்தபோது மணலும் சேர்ந்து விழுந்தது. விழுவதற்கும் சேர்த்து அரைமணி முன்னாலேயே கிளம்பியதால் லேட்டு மட்டும் ஆகவில்லை. கடைசியில் சங்கத்தில் கடன் போட்டு இரண்டு டயரையுமே புதுசாக மாற்றினான்.

புது டயரைத் தொட்டுச் செண்பகம் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இனிமே ஒண்ணும் ஆவாதுய்யா. நானும் என்னால ஆனத செஞ்சிக்கினுதான் கீறேன். கன்னியம்மா உன்ன கைவுட மாட்டா.”

கன்னியம்மா கைவிடவில்லை. மறுநாள் காலை அவன் விழுந்த இடத்தில் வைக்கோல் கிடந்தது.

இந்தத் தடவை சாலமோன் வண்டியைப் பார்க்கவே இல்லை. அரசப்பனை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார்.

“கோச்சிக்காத. புது டயரு, நான் ஓட்னா போவுது, நீ ஓட்னா படுத்துக்குது. அப்ப கோளாறு எங்க கீது? நீ வண்டில ஏறும்போதே இன்னிக்கி வுழப்போறோம்னு நெனைக்கிற. கை வெறச்சிக்குது, பிரேக்க அமுக்கற. மனசு புடிக்கலன்னா டயரு எப்பிடிபா புடிக்கும்?”

அரசப்பன் டீயைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தான். அவர் சொன்னது பொய்யில்லை. இப்போதெல்லாம் இரவு படுக்கும்போதே கை விறைத்துக்கொள்கிறது. ஓட்டில் மழை விழுகிற சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். பதினெட்டு வயசில் கிணற்றில் தலைகீழாகக் குதித்தவன், முப்பத்தாறு வயசில் ஒரு ஈர ரோட்டுக்குப் பயப்படுகிறான். பயம் எப்போது உள்ளே வந்தது என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. முதலில் விழுந்ததால் பயந்தான். இப்போது பயந்துதான் விழுகிறான் போலிருக்கிறது. ஒருவேளை தான் எப்போதுமே கோழைதானோ, அது தெரிய இத்தனை நாள் ஒரு மழை வரவில்லையோ என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் மூன்றாவது லேட்டும் ஆயிற்று. வரதன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“உடு அரசப்பா,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே அந்த நாற்காலிக்கு வேறு பெயர் போனது.

அரசப்பன் வீட்டுக்கு வந்ததும் வண்டியை எதிர்வீட்டுப் பச்சையப்பனுக்கு விலைக்குக் கொடுத்துவிட்டான். பச்சையப்பன் கோவிந்தம்மாவின் புருஷன். ரொம்ப நாளாக அந்த வண்டிமேல் ஒரு கண். கொட்டுகிற மழையில் ஒரு சுற்று போய்விட்டு வந்து, “வழுக்கவே இல்லியேண்ணா! இத்தப் போயா விக்கற?” என்று வேறு கேட்டு, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினான்.

“நீ ஓட்டுபா. எனுக்கு அந்த தெகிரியம் இல்ல,” என்றான் அரசப்பன். அதை வாய்விட்டுச் சொன்ன பிறகு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சார்ஜ்மேன் வேலை போனா போவுதுய்யா. நீ முயுசா வூடு வந்து சேந்தா போதும் எனுக்கு. நானும் எவ்ளோ வேண்டிக்கினேன்.”

“உன்மேல இன்னா தப்பு புள்ள? நீ வேண்டிக்கினதாலதான் கை கால் ஒடையாம தப்பிச்சேன். எல்லாம் என் பயம்.” சொல்லும்போது அவள்மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. இந்த ஒன்றரை மாசமும் தன்னை ஒரு சொல் குறை சொல்லாதவள் அவள் ஒருத்திதான்.

அப்போது வாசலில் வளையல் சத்தம். கோவிந்தம்மா ஒரு கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தாள்.

“யக்கா, காலைல அவுரு வண்டி எடுக்கறாரு. டயரு வெடிக்காம இருக்கணும்னு அண்ணன் எய்ந்திரிக்கறதுக்கு முன்னாடி தெனம் வெளக்கெண்ண தேய்ச்சி வுடுவியே, எங்கூட்ல எண்ண தீந்துபோச்சி, ஒரு கை குடேன்.”