பாலின் புளிப்பும் மலையின் புளிப்பும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் நம் பெண்ணும் எங்களைவிடச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உங்கள் அத்தை பின்னாலிருந்து இரண்டு திருத்தம் சொல்லுவாள். ஆகவே கடிதம்.

காப்பிக்கொட்டை கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் நீங்கள் அனுப்பிய மூன்று காப்பிப்பொடிப் பொட்டலங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஊரில் விளைந்தது, வேறு ஊர்க் கொட்டை ஒன்றுகூடச் சேராதது என்று எழுதியிருந்தீர்கள். எடை அளவு ஆய்வாளராகவே காலம் தள்ளியவனுக்குக் கலப்பில்லாத பொருள் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். முதல் பொட்டலத்தைப் பிரித்து, டிகாக்ஷன் இறக்கி, பால் விட்டு, வாயில் வைத்தேன். புளித்தது.

காப்பி புளித்தால் யாரைப் பிடிப்பார்கள்? பால்காரரைத்தான். மறுநாள் காலையில் லாக்டோமீட்டரோடு வாசலில் நின்றேன். அது பாலில் உள்ள தண்ணீரைக் காட்டுமே தவிரப் புளிப்பைக் காட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் ஒரு கருவி இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். "என்ன, பழைய பாலை என் தலையில கட்டுறீங்களா?" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. "என்னை என்ன வேணா சொல்லுங்க சார். பாலைச் சொல்லாதீங்க" என்றார். கேனை மூடிக்கொண்டு போனவர் போனவர்தான். அன்று முதல் கடைப் பால். அதிலும் காப்பி புளித்தது. உங்கள் அத்தை ஃபிரிட்ஜ் மேல் சந்தேகப்பட்டாள். மெக்கானிக் வந்து அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, ஒன்றுமில்லை என்று மாட்டிவிட்டுப் போனார், அதிலிருந்து அது குறட்டை விடுகிறது. பிறகு பாத்திரம் மேல் சந்தேகம். தேய்த்த தேய்ப்பில் அடி மெலிந்ததுதான் மிச்சம். கடைசியில் என் நாக்கு மேல் சந்தேகம் வந்து டாக்டரிடம் நீட்டினேன். காப்பியை விட்டுவிடச் சொன்னார். அவரிடம் இனிப் போவதாக இல்லை.

சரி, இரண்டாவது பொட்டலத்தைப் பிரிப்போம் என்றால், அதில் மழையில் நனைந்த விறகு வாசனை. ஈரம் பட்டுவிட்டது என்று உங்கள் அத்தை பொடியை மொட்டை மாடியில் செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தாள். காற்று அடித்தது. பக்கத்துக் கொடியில் காய்ந்த எதிர் வீட்டு அம்மாளின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இப்போது வெள்ளை இல்லை.

அதற்குப் பிறகுதானே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: "மாமா, அந்த முதல் பொட்டலம் ரொம்ப உசரமான மலையில விளைஞ்சது. அந்தக் குளிர்ல பழம் மெதுவாத்தான் பழுக்கும். அதனால அந்தப் புளிப்பு. விறகு வாசனை வர்றது மழைத்தீவுக் காப்பி, அங்க ஈரத்துலயே பக்குவம் பண்ணுவாங்க." அப்போதுதான் புரிந்தது. மலை செய்த காரியத்துக்கு மாட்டைத் திட்டியிருக்கிறேன்.

மாப்பிள்ளை, காப்பி கெட்டது பெரிதில்லை, பால்காரர் இல்லாமல் காலைப்பொழுது கெட்டுவிட்டது. நான் செய்தித்தாளைப் படித்துச் சொல்ல, அவர் பால் அளந்துகொண்டே ஒவ்வொன்றையும் மறுக்க, அப்படித்தான் எங்களுக்குப் பொழுது விடியும். ஓய்வுபெற்ற மனிதனோடு மெனக்கெட்டுச் சண்டைபோட வேறு யார் இருக்கிறார்கள்? உங்கள் அத்தை இருக்கிறாள். ஆனால் அவளிடம் ஜெயிக்க முடியாது. அவர் இல்லாமல் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதனால் மலைக் காப்பியைப் பால் விடாமல் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அவர் மாட்டுக்கொட்டகைக்கே போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மூடியில் ஊற்றி நீட்டினேன். குடித்தார்.

"பால் இல்லாமலே புளிக்குதே சார்."

"அதான் சொல்ல வந்தேன். அது மலையோட குணமாம். உங்க பால் மேல தப்பில்ல. நான்தான் தெரியாம வாய விட்டுட்டேன்."

அவர் மூடியைக் கழுவிக் கொடுத்துவிட்டு மாட்டைத் தடவப் போய்விட்டார். மறுநாள் காலை வாசலில் பால்காரரின் மணிச் சத்தம் கேட்டது.

இப்போது மூன்றாவது பொட்டலம் ஓடுகிறது. தாழ்வான, வெயில் காயும் ஊர்க் காப்பியாமே. கனமாக, கசப்பாக, ஒரு வம்புக்கும் போகாமல் இருக்கிறது. ஆகவே என் வேண்டுகோள்: இனி இதையே அனுப்புங்கள். மலைப் பக்கமே போக வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், ஒரே அடுப்பில் ஒரே காப்பி குடித்து நீடூழி வாழ எங்கள் ஆசிகள். அத்தையும் ஆசி சொல்கிறாள். திருத்தம் எதுவும் இல்லையாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பால்காரர் வந்தார். இரண்டாவது டம்ளர் காப்பி உள்ளே போனதும், "மனசு கேக்கல சார்" என்றார். நான் முதன்முதலில் மலைக் காப்பி போட்ட அன்று அவர் ஊற்றியது முந்தின நாள் மிஞ்சிய பாலாம். நிஜமாகவே புளித்திருக்குமாம். "பின்ன எதுக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு?" என்றேன். "நெசமா இருந்ததாலதான் சார்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். ஆகவே மாப்பிள்ளை, மேலே கேட்டதை மறந்துவிட்டு அந்த மலைக் காப்பியையே அனுப்புங்கள். இன்னொரு நாள் பால் புளித்தாலும் நாங்கள் இரண்டு பேரும் மலையைச் சொல்லிக்கொள்ளலாம்.