டி டிரைவில் குடியிருந்தோம்

ஒரகடம் வட்டாரத்து ஃபேக்டரிப் பையன்கள் அத்தனை பேரையும் ஒரே கம்ப்யூட்டரில் குடிவைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. டி டிரைவ் அண்ணன், அவ்வளவுதான்.

வடக்குப்பட்டுக்காரர். எங்கள் ஹாஸ்டலுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தார். தெற்கத்திப் பையன்களுக்கு ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் சூப்பர்வைசர் லீவு தரமாட்டார். அண்ணன் தருவார். நம்மை நல்ல சட்டையில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து டி டிரைவில் போட்டுக்கொள்வார். ஊரில் குடும்பத்தார் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நின்று படம் எடுத்து அனுப்பவேண்டும். அந்த இடத்தில் நம்மைச் சொருகிவிடுவார்.

அதிலும் ஒரு கிறுக்கு. நம்மை ஒட்டமாட்டார். டி டிரைவில் இருக்கும் படத்துக்கு வழி மட்டும் காட்டிவைப்பார்; கல்யாணப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அங்கே போய் நம்மைக் கூட்டிவந்து நிறுத்தும். எங்கள் ஹாஸ்டல் முருகேசன் மீசை வளர்த்ததும் டி டிரைவில் அவன் படத்தை மாற்றினார். முருகேசன் அதுவரை தலைகாட்டிய எல்லாக் கல்யாணத்திலும், அந்தக் கம்ப்யூட்டரில், மீசை முளைத்துவிட்டது.

"ஒட்டிருங்களேண்ணே" என்றால், "ஒட்டிட்டா அப்பால பிரிக்க முடியாதுப்பா. நாளைக்கி உனுக்கு லீவு கெடச்சி நெசமாவே போயி நின்னா இன்னா பண்ணுவ?" என்பார். முடிந்துபோன கல்யாணத்துக்கு லீவு கிடைத்து என்ன செய்வது என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

என் தங்கச்சி கல்யாணத்துக்கும் லீவு இல்லை. "போட்டோலயாவது எம்பக்கத்துல நில்லுல" என்று அம்மா போனில் அழுதாள். அண்ணன் நிறுத்தினார். ஆல்பம் போட ஃபைலைச் சென்னை லேபுக்கு அனுப்பினார். அண்ணனிடம் விண்டோஸ், லேபில் மேக். ஆல்பம் அங்கிருந்து நேராக ஊருக்குப் போயிற்று.

"ஏல, எல்லாரும் இருக்கோம், ஒன்னய மட்டும் காணோம். நடுவுல யாருக்கு எடம் விட்டிருக்கியன்னு மாப்ள வீட்டுல கேக்காவ" என்றாள் அம்மா.

அண்ணன் கடையை அடைத்தார். சிபியூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு சென்னைக்கு பஸ் ஏறினார்.

"பொட்டிக்கு லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"இன்னாது, லக்கேஜா? உள்ள எரநூறு பசங்க கீறாங்க."

"அப்ப எரநூறு டிக்கெட் எடு."

லேபில் விஷயம் தெரிந்தது. மேக்கில் டி டிரைவ் என்று ஒன்றே கிடையாதாம். என்னைத் தேடிப் பார்த்திருக்கிறது, கிடைக்கவில்லை, இடத்தைக் காலியாக விட்டுவிட்டது.

"என்னமோ காணோம்னு கேட்டுச்சு சார். ஓகே குடுத்துட்டேன்" என்றார் லேப்காரர். "ஜேபெக்கா மாத்திக் குடுங்க, எதுல வேணா தொறக்கும்."

ஜேபெக் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடுவது. அண்ணன் முகம் சுண்டிப்போனது. சிபியூவை அங்கிருந்த ஒரு திரையில் மாட்டி, அதில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கிளிக்.

"ஒட்டிட்டேன்பா. இனிமே உன்னிய உங்க அம்மாகிட்டேர்ந்து எந்தக் கம்ப்யூட்டராலயும் பிரிக்க முடியாது."

என் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டேன். கடையை யார் பார்ப்பது என்று வரவில்லை. நாங்கள் அம்மா பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நின்று படம் எடுத்துக்கொண்டோம். கொண்டுபோய்க் காட்டினேன்.

"யாருக்குப்பா இந்த எடம்?"

"ஒங்களுக்குத்தாண்ணே."

டி டிரைவ் முழுக்கத் தேடினார். நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவர் படம் ஒன்றுகூட இல்லை. அவரை நிறுத்தி நானே எடுத்தேன். எனக்கு ஃபோகஸ் வைக்கத் தெரியாததில் படம் கொஞ்சம் கலங்கிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா பக்கத்தில் கலங்கலாகத்தான் நிற்கிறார். யாரென்று கேட்பவர்களிடம் அம்மா, "எம்மூத்த புள்ள, லீவு கெடைக்கல" என்பாள்.