வெள்ள அறிவிப்பைப் பதிவு செய்த வெள்ளெலி

ஒரு காட்டில் சிங்கமும் நரியும் என்ன செய்தன என்று சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. இது அந்தக் காட்டின் கீழ்க்கோடியில், ஆற்றங்கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நாற்பது வீட்டு வெள்ளெலிகளின் கதை.

வெள்ளெலிக்கு ஒரு பிறவிக் குணம். கிடைத்ததை உடனே தின்னாது, கொண்டுபோய் அடுக்கும். நெல்லோடு நின்றிருந்தால் பிழைத்திருக்கும். வடமலை என்கிற வெள்ளெலி ஒரு கேம் பெட்டி வாங்கி வந்தது. கார் ஓட்டுகிற ஆட்டம், சுடுகிற ஆட்டமெல்லாம் டிவியில் போட்டு விளையாடுகிற பெட்டி. அதன் முதுகில் ஒரு சின்ன டப்பாவைச் செருகி ஆன்டெனா ஒயரை மாட்டிவிட்டால், டிவியில் வருவதையெல்லாம் பதிவு செய்துகொள்ளும். பதிவானதை வைஃபையில் நாற்பது வளைக்கும் அனுப்பும். அவரவர் செல்போனில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். விளம்பரம் வந்தால் தாண்டிக் குதிக்கலாம்.

அன்றோடு சரி. எந்த வெள்ளெலியும் எதையும் வந்த நேரத்தில் பார்த்ததில்லை. பதிவு மேல் பதிவு குவிந்தது. வரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்று ஊர்க் கட்டுப்பாடு. ஆடி மாதத்தில் உட்கார்ந்துகொண்டு தை மாதத்துச் செய்தியைப் பார்த்து, "பனி எப்படிக் கொட்டுது பாரு!" என்று போர்வை தேடிய அறிவாளிக் கூட்டம் அது. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பின்னால் வரப்போவதை யாரும் முன்னால் சொல்லக் கூடாது. சொன்னால் ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பு. கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று வாய் தவறி உளறிய ஒரு கிழட்டு எலி, சாகிறவரைக்கும் முள்காட்டுக்குள்ளே தனியாகக் கிடந்தது.

வடமலையின் பெண்டாட்டி செங்கமலத்துக்கு இதிலெல்லாம் மனசு ஒட்டவில்லை. ஆறு குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒன்றும் கண் திறக்கவில்லை. ஆற்றை ஒட்டிய அடி அறையில், வைக்கோலில் கிடந்தன. காற்றோட்டமான மேல் அறை பெட்டிக்கு. அது சூடேறக் கூடாதாம்.

ஒரு மத்தியானம். வடமலை கார் ஓட்டிக்கொண்டிருந்தது. பெட்டி தன் பாட்டுக்கு உள்ளே செய்தியைப் பதிவு செய்துகொண்டிருந்தது. உடும்பு ஒச்சம்மா மூச்சு வாங்க ஓடி வந்தது. மேட்டுப் பாறையில் பழைய டிவி ஒன்றை வைத்துக்கொண்டு, வருவதை வந்தபடி பார்க்கிற பட்டிக்காடு என்று வெள்ளெலிகள் கேலி பேசுமே, அந்த ஒச்சம்மாதான்.

"அடேய் வடமலை! டிவி பார்த்தியாடா? மேலணையில..."

"நிறுத்துக்கா!" வடமலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "பதிவாகிட்டிருக்கு. சொல்லிக் கெடுக்காத."

"கதை இல்லடா இது, நியூஸு!"

"எதுவா இருந்தா என்ன? வரிசை வரும்போது பார்த்துக்குவோம்."

"எப்ப வரும் உன் வரிசை?"

வடமலை விரல் விட்டு எண்ணியது. "மார்கழிக்குள்ள வந்துடும்."

"மார்கழியில நீ இருக்கமாட்டடா!"

அக்கம்பக்கத்து வளைகளிலிருந்து தலைகள் நீண்டன. "முடிவைச் சொல்லிட்டா! முடிவைச் சொல்லிட்டா!"

"சரி, சொல்லல. மேட்டுக்காவது ஏறித் தொலைங்க."

"மேடுன்னதுமே பாதி புரிஞ்சுபோச்சு" என்று ஊர்த்தலைவர் கச்சிராயன் தொந்தியைத் தடவியது. "இனிமே அதைப் பார்த்து என்ன சுவாரசியம்? போம்மா, வேலையைப் பாரு."

ஒச்சம்மா செங்கமலத்தை ஒரு பார்வை பார்த்தது. "குட்டிங்க எங்க கெடக்கு?"

"அடி அறையிலக்கா."

"தூக்கு." அவ்வளவுதான் சொன்னது. வாலைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டது.

செங்கமலம் வடமலையிடம் ஓடியது. "ஏங்க, ஒரு நிமிஷம் அந்த நியூஸைப் போடுங்களேன்."

"மூணாவது ரவுண்டுல இருக்கேன். இப்பப் போட்டா ஆட்டம் போச்சு."

"அப்ப குட்டிங்களை மேல் அறைக்காவது..."

"பெட்டிக்குக் காத்து வேணாமா? ஆளைப் பாரு!"

செங்கமலம் அடி அறைக்கு இறங்கியது. முதல் குட்டியின் பிடரியைக் கவ்வியது. மேட்டில் நின்ற மருதமரத்துப் பொந்துக்கு ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தூக்கும்போது வைக்கோல் நசநசத்தது. ஐந்தாவதைத் தூக்கும்போது கால் நனைந்தது. ஆறாவதை நீந்தித்தான் கொண்டுவந்தது.

மேலணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாற்பது வளையும் ஒரே மூச்சில் போனது. பெரியவையெல்லாம் எப்படியோ நீந்தி மருதமரம் ஏறின. வடமலை பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது. ஊரே எழுந்து நின்று வழிவிட்டது. ஏழு வீட்டில் அழுவதற்குத் தாய் இருந்தது, குட்டி இல்லை.

கிளையிலேயே பஞ்சாயத்து கூடியது. வெள்ளம் ஏன் வந்தது என்று பேசத்தான் கூடியது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு.

"கமலம்," என்றது கச்சிராயன், "உன் குட்டிங்க மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?"

"தூக்கிட்டு வந்தேன்."

"எதுக்குத் தூக்கின? தண்ணி வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுதானே?"

செங்கமலம் புருஷன் முகத்தைப் பார்த்தது. வடமலை பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னது: "என் பெண்டாட்டியா இருந்தாலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதாங்க."

ஒதுக்கிவைத்தாயிற்று. செங்கமலம் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பொந்திலிருந்து எடுத்தது. பொந்தை எட்டிப் பார்க்க வந்திருந்த ஒச்சம்மா, அந்த நியூஸின் மிச்சத்தையும் அதன் காதில் போட்டிருந்தது. ஒச்சம்மாவின் பாறைப் பக்கம் திரும்பி நின்று சொன்னது: "நான் போறேன். அந்தப் பெட்டியில இன்னொண்ணும் பதிவாகியிருக்கும். நாளைக்கு இதைவிடப் பெரிய தண்ணி..."

"பார்த்தீங்களா! மறுபடியும் சொல்றா!" என்று ஊரே காதைப் பொத்திக்கொண்டது.

நீதி: எச்சரிக்கை வந்தால் பத்திரமாகப் பதிவு செய்துகொள், பார்த்து மட்டும் தொலைக்காதே. பிழைத்துவிட்டால் ஊருக்குப் பதில் சொல்லி மாளாது.