தூதருக்குப் போட்ட கொட்டகை

2006ஆம் வருஷம் மாசி மாசம், மிருகக்காட்சி சாலையில் எல்லோருக்கும் செல்லமான கௌரி என்கிற சிம்பன்சிக் குரங்கை வனவிலங்குகளின் நல்லெண்ணத் தூதராக நியமித்தார்கள். பாவாடை சட்டை போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்க் கைகொடுத்து, ஜனங்களுக்கு விலங்குகள் மேல் பாசம் வரவைப்பது தூதரின் பணி. மரக்காணத்துக்கு அரை மணி நேர விஜயம்.

தூதருக்கு வெயில் ஆகாதாம். எங்கள் உப்பளத்து ஓரமாகக் கீற்றுக் கொட்டகை எழும்பியது. உள்ளே பானைத் தண்ணீர். வாசலில் கௌரி கை நீட்டுகிற படத்தோடு பலகை: "விலங்குகளிடம் அன்பு காட்டுங்கள்."

கைப்பிள்ளைக்காரிகள் நாங்கள் ஒரு நிழலுக்காக மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தவர்கள். என் மகன் பெலிக்ஸை வரப்பில் குடைக்கு அடியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நான் உப்பு வாருவேன். சாயங்காலம் பார்த்தால் முதுகெல்லாம் கொப்புளம்.

கௌரி வந்தது, பழம் தின்றது, போனது. மறுநாள் பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். கொட்டகைக்குப் பொறுப்பு அலுவலரான அரசப்பன் மறித்தார்.

"இது வனவிலங்கு நிதிம்மா. மனுஷங்களுக்கு அனுமதி இல்ல."

"காலியாத்தானே சார் இருக்குது?"

"காலியா இருக்கறதும் வனவிலங்குக்காகத்தான்."

அடுத்த வாரம் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"லிடியா, நாளைக்கு மேலிடத்துலேர்ந்து ஆய்வு. உள்ள ஒரு விலங்காவது பயனடையணும். இல்லன்னா கொட்டகையப் பிரிச்சிடுவாங்க. உன் பையன் கடிப்பானா?"

"நல்லாக் கடிப்பான் சார். கிடைச்சதுல ஏறுவான். பழத்த மூஞ்சியில விட்டெறிவான்."

"பேசுவானா?"

"இன்னும் இல்லீங்க."

"அது போதும்."

எனக்கென்ன, பிள்ளைக்கு நிழல் கிடைக்குதே. ஆய்வுக்கு வந்த பெரியவர் பழம் நீட்டினார். பெலிக்ஸ் விரலையும் சேர்த்துக் கடித்தான். 'ஆரோக்கியமாக உள்ளது, மனிதர்களுடன் சுமுகமாகப் பழகுகிறது' என்று எழுதிக்கொண்டு போனார்.

சவரியம்மாள் தன் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்தாள். "என்துங்க பிராண்டவும் செய்யும் சார்." அம்சவல்லி மகள் சும்மா தூங்கத்தான் செய்வாள், தூங்குகிற விலங்கும் உண்டு என்று அரசப்பன் சேர்த்துக்கொண்டார். பால் கொடுக்கிற நாங்கள் தாய் விலங்குகள். இனம் பெருகிவருவதாக அரசப்பனுக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம், சட்டை நனைந்து ஒட்ட அவர் வந்து நின்றார். கண்ணுக்கு எட்டினவரை நிழல் அது ஒன்றுதான்.

"கொஞ்சம் நகருங்கம்மா."

"மனுஷங்களுக்கு அனுமதி இல்லீங்களே சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து வெளியே வைத்தார். பிறகு இரண்டு கையையும் தரையில் ஊன்றி உள்ளே வந்தார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. விதிப்படிதானே அவர் வந்திருக்கிறார். பெலிக்ஸ் தவழ்ந்து போய் அவர் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தான்.

வெளியே பலகையில், பாவாடை சட்டை கலையாமல், கௌரி எங்கள் எல்லோரிடமும் அன்பு காட்டச் சொல்லிக்கொண்டிருந்தது.